வானில் ஓய்வுபெற்ற மிக்-21, உங்கள் மேசையில் தரையிறங்குவது எப்படி? பெரிய ஸ்கேல் ஜெட் மாடல்கள்: ஒரு முழு கைடு

2025 செப்டம்பர் 26. சண்டிகர் விமானப்படைத் தளத்தில் மிக்-21 போர் விமானங்களுக்குப் பிரியாவிடை கொடுக்கப்பட்டது. 1963-ல் இந்தியாவின் முதல் மிக்-21 அணி உருவானதும் இதே சண்டிகரில்தான். 62 வருட சர்வீஸ். அரசு வேலையில் சேர்ந்து ரிட்டயர் ஆகிறவர்கள்கூட இவ்வளவு வருடம் வேலை பார்ப்பதில்லை.

இனி அந்த விமானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மியூசியத்துக்குப் போகலாம். இன்னொரு வழியும் இருக்கிறது: நீங்களே கட்டலாம். பிளாஸ்டிக் கிட், பசை, பெயின்ட், கொஞ்சம் அல்ல, நிறையப் பொறுமை. உலகம் முழுக்கப் பெரியவர்கள் சீரியஸாகச் செய்யும் பொழுதுபோக்கு இது. இதில் 'பெரிய ஸ்கேல்' என்பது தனி லெவல். காக்பிட்டில் இருக்கும் சுவிட்ச்சில் இருந்து சக்கரக் கூண்டுக்குள் ஓடும் ஹைட்ராலிக் குழாய் வரை எல்லாம் வெளியே தெரியும். தப்பும் தெரியும்.

திருச்சி பக்கம் இதற்குப் பொருத்தமான ஊர் எது என்று கேட்டால், துவாக்குடியைச் சொல்லலாம். ஒரு பக்கம் என்.ஐ.டி ஹாஸ்டல்கள், இன்னொரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை, பக்கத்திலேயே பெல் தொழிற்சாலை. இரும்பை வெட்டி, பொருத்தி, வெல்டு வைத்துப் பழகிய ஊர். அதே ரோட்டில் கிழக்கே போனால் தஞ்சாவூர் விமானப்படைத் தளம். 2020 ஜனவரியில் அங்கே சுகோய்-30 எம்.கே.ஐ விமானங்களோடு 222-வது அணி அமைக்கப்பட்டது.

பழைய ஜெட் ஒன்றைப் பெரிய ஸ்கேலில் கட்டுவது எப்படி, என்ன வாங்குவது, எங்கே சொதப்பும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு விஷயம். இந்திய விமானப்படையின் பழைய ஜெட்டைக் கட்ட நினைப்பவருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. பெட்டியில் இருப்பது பெரும்பாலும் 'நம்ம' விமானமாக இருக்காது. அதை நம்முடையதாக மாற்ற, தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான சுவாரஸ்யமும் அதன் மதிப்பும் அந்தத் தேடலில்தான் இருக்கின்றன.

1/32 என்றால் என்ன?

நிஜ விமானத்தை 32-ஆல் வகுத்தால் கிடைக்கும் அளவு. அவ்வளவுதான். கடைகளில் அதிகம் கிடைக்கும் ஜெட் கிட்கள் மூன்று ஸ்கேல்களில் வருகின்றன: 1/72, 1/48, 1/32. ஏன் இப்படி வித்தியாசமான எண்கள்? எல்லாம் பழைய அடி, அங்குலக் கணக்கு. 1/72 என்றால் ஆறு அடிக்கு ஓர் அங்குலம். 1/48 என்றால் ஓர் அடிக்குக் கால் அங்குலம். 1/32 என்றால் ஓர் அடிக்கு எட்டில் மூன்று பங்கு அங்குலம்.

மிக்-21-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் இறக்கை அகலம் 7.15 மீட்டர். மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டாட் குழாயையும் சேர்த்தால் நீளம் சுமார் 15.8 மீட்டர்.

1/72-ல்: நீளம் சுமார் 22 செ.மீ., இறக்கை 10 செ.மீ. புத்தக அலமாரியில் அடங்கிவிடும்.

1/48-ல்: நீளம் 33 செ.மீ., இறக்கை 15 செ.மீ. ஒரு ஸ்கூல் ஸ்கேலைத் தாண்டும்.

1/32-ல்: நீளம் 49 செ.மீ., இறக்கை 22 செ.மீ. ஹாஸ்டல் மேசையில் லேப்டாப்புக்கு இடம் இருக்காது.

தஞ்சாவூரில் இருக்கும் சுகோய்-30-ஐ இதே 1/32-ல் கட்டினால் நீளம் 68 செ.மீ., இறக்கை 46 செ.மீ. வீட்டில் பர்மிஷன் வாங்கிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. அந்த வகையில் பழைய ஜெட்கள் வசதியானவை, அவை சின்ன விமானங்கள். 1965, 1971 போர்களில் பெயர் வாங்கிய நாட் விமானத்தின் நீளம் வெறும் 9 மீட்டர். 1/32-லேயே 28 செ.மீ.தான் வரும்.

பெரிய ஸ்கேலில் என்ன லாபம்?

1/72 மாடலில் காக்பிட்டை ஒரு ஸ்டிக்கரால் சமாளித்துவிடலாம். விதானத்தை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. 1/32-ல் அது நடக்காது. விமானி உட்காரும் சீட், அதன் பெல்ட், பெல்ட்டின் பக்கிள் எல்லாம் கண்ணுக்கு நேராக நிற்கும்.

அப்போது ஒவ்வொரு பாகமும் கேள்வி கேட்கும். இந்தக் குழாய் எதற்கு? இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? மிக்-21-ல் தொடக்க கால வகைகளான பி.எஃப், எஃப்.எல் ஆகியவற்றின் விதானம் முன்பக்கமாகத் திறக்கும். பிறகு வந்த வகைகளில் பக்கவாட்டில் திறக்கும். இது சும்மா ஸ்டைலுக்காகச் செய்த மாற்றமில்லை. பழைய அமைப்பில், விமானி சீட்டோடு வெளியேறும்போது விதானமும் அவரோடு சேர்ந்தே போகும். எதிர்க்காற்றின் அடி முகத்தில் விழாமல் அது கேடயம் மாதிரி நிற்க வேண்டும் என்பது திட்டம். பின்னர் வேறு வகை சீட் வந்தது, விதானமும் மாறியது. ஒரு பிளாஸ்டிக் கீலை எந்தப் பக்கம் ஒட்டுவது என்ற குழப்பத்தில் ஆரம்பித்து, உயிர் காக்கும் தொழில்நுட்பத்தின் வரலாற்றில் போய் நிற்பீர்கள். பெரிய ஸ்கேலின் லாபம் இதுதான்.

அந்த சீட்டைச் சாதாரணமாகக் கடந்துவிடவும் முடியாது. 2012-ல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, 1971-72-ல் இருந்து அதுவரை மிக் ரக விமானங்களின் விபத்துகள் 482. உயிரிழந்த விமானிகள் 171 பேர். 'பறக்கும் சவப்பெட்டி' என்ற பெயரும் அதே விமானத்துக்குத்தான் வந்தது. மேசையில் நிற்கும் மாடலுக்கு அந்தக் கதையும் சொந்தம்.

பெட்டியில் இருப்பது 'நம்ம' விமானமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டி மேல் 'மிக்-21' என்று எழுதியிருந்தால் போதாது. இந்தியா மட்டும் எஃப்-13, பி.எஃப், எஃப்.எல், எம், பிஸ், கடைசியாக மேம்படுத்தப்பட்ட பைசன் என்று பல வகைகளைப் பயன்படுத்தியது. பயிற்சிக்கான இரட்டை இருக்கை விமானங்கள் தனி.

சட்டென்று அடையாளம் காண ஒரு வழி: முதுகைப் பாருங்கள். விதானத்துக்குப் பின்னால் வால் வரை ஓடும் மேடு பழைய வகைகளில் ஒல்லியாக இருக்கும். எம் வகையில் கனமாகும். பிஸ் வகையில் இன்னும் பருக்கும். வகைக்கு வகை உள்ளே எரிபொருளும் கருவிகளும் கூடிக்கொண்டே போனதன் அடையாளம் அது.

1971 போரில் டாக்கா வானத்தில் பறந்தவை எஃப்.எல் வகை. அவற்றில் உள்பீரங்கி கிடையாது. வயிற்றுக்குக் கீழே தனியாக ஒரு பீரங்கிக் கூட்டைத் தொங்கவிட்டார்கள். அதை ஒட்டாமல் விட்டால் தெரிந்தவர் கண்ணில் உடனே மாட்டும். வேறு வகையின் உடலில் அதை ஒட்டிவிட்டால் இன்னும் சீக்கிரம் மாட்டும்.

கிட்களைப் பொறுத்தவரை, சீனாவின் ட்ரம்பெட்டர் நிறுவனம் 1/32-ல் வெளியிட்டவற்றில் எஃப்-13, எம்.எஃப், இரட்டை இருக்கை யூ.எம் ஆகியவை உண்டு. செக் நாட்டின் எடுவார்ட் நிறுவனத்தின் 1/48 மிக்-21 வரிசை, நுணுக்கத்துக்காக மாடல் கட்டுபவர்கள் மத்தியில் நல்ல பெயர் வாங்கியது. ஸ்கேலில் கொஞ்சம் இறங்கிவரத் தயார் என்றால், முதல் மிக்-21-க்கு அது நல்ல சாய்ஸ்.

மற்ற பழைய ஜெட்கள்?

நாட்: ஏர்ஃபிக்ஸ் 1/48-ல் வெளியிட்டது 'நாட் டி.1'. அது பிரிட்டனின் இரட்டை இருக்கை பயிற்சி விமானம். நம் ஊரில் 'சேபர் ஸ்லேயர்' என்று புகழ்பெற்றது ஒற்றை இருக்கை போர் விமானம். இறக்கையே வேறு, உடல் நீளமும் வேறு. சீட்டை மூடிச் சமாளிக்க முடியாது. 1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகர் மேல் போரிட்டு உயிர்நீத்து, விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரரான நிர்மல் ஜித் சிங் செகோன் பறந்தது அந்த ஒற்றை இருக்கை நாட்டில்தான்.

ஹன்டர்: ஜெர்மனியின் ரெவல் நிறுவனம் 1/32-ல் வெளியிட்டிருக்கிறது. இந்தியா வாங்கிய எஃப்.56, பிரிட்டனின் எஃப்.6 வகையை ஒட்டியது. ஆனால் தரையிறங்கும்போது விரியும் பிரேக் பாராசூட் இதில் உண்டு. எஃப்.6 கிட் வாங்கினால் வால் பக்கம் அதற்கான கூட்டை நீங்கள் சேர்க்க வேண்டும்.

மாருத்: இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம். ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூருவில் உருவாகி, 1961 ஜூன் 17-ல் முதன்முதலாகப் பறந்தது. 147 விமானங்கள் தயாராயின. 1990-ல் ஓய்வு. 1/32-ல் கட்டினால் கிட்டத்தட்ட 50 செ.மீ. நீளம் வரும் அழகான உருவம். பெரிய ஸ்கேலில் கடைக்குப் போய்ப் பெட்டி வாங்கிக் கட்டுகிற கதை மட்டும் இதில் நடக்காது. பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டியோ, கணினியில் வரைந்து 3டி பிரின்ட் எடுத்தோதான் உருவாக்க வேண்டும். இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு இதைவிட நல்ல லீவு புராஜெக்ட் கிடைக்குமா?

கட்டுவது எப்படி? ஸ்டெப் பை ஸ்டெப்

காக்பிட்தான் முதலில். உடலின் இரண்டு பாதிகளை ஒட்டிவிட்டால் உள்ளே கை போகாது. அதனால் உள்பக்கத்துக்கு முதலிலேயே பெயின்ட் அடித்து முடிக்க வேண்டும். மிக்-21-ன் பிந்தைய வகைகளில் காக்பிட் நிறம் ஒரு மாதிரி பச்சை கலந்த நீலம். சோவியத் விமானங்களுக்கே உரிய நிறம் அது. அதைச் சாம்பல் நிறமாக அடித்துவிட்டு 'செமயா இருக்கு' என்று ஸ்டேட்டஸ் போட்டால் கமென்ட்டில் கழுவி ஊற்றுவார்கள்.

மூக்கில் எடை. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. மூக்கு லேசாக இருந்தால் மாடல் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். முன்பக்கத்தில் எடை வைத்துத்தான் உடலை மூட வேண்டும். மீன்பிடித் தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டு உதவும். பழைய பேரிங்கில் இருந்து எடுத்த இரும்புக் குண்டுகள் துவாக்குடியில் கிடைக்காமலா போகும்? அவற்றைப் பசை போட்டு நன்றாக இறுக்கிவிடுங்கள். கட்டி முடித்த பிறகு உள்ளே 'கடகட' என்று உருண்டால் திறக்க வழி கிடையாது.

ஒட்டும் முன் வைத்துப் பாருங்கள். சிட்கோ ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் இதற்கு 'ஃபிட்-அப்' என்று பெயர். இரண்டு தகடுகளைச் சேர்த்து வைத்து, இடைவெளி சரிபார்த்து, அங்கங்கே 'டாக்' வைத்து, பிறகுதான் முழு வெல்டு. மாடலிலும் அதே ஒழுங்குதான். டேப் போட்டுப் பிடித்து, இடுக்கில் இரண்டு மூன்று இடத்தில் பசையைத் தொட்டு வைத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மிச்சத்தை ஒட்ட வேண்டும். பாலிஸ்டைரீன் பசை சாதாரண கோந்து மாதிரி நடுவில் நின்று பிடிக்காது. பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து, இரண்டு பாகங்களையும் ஒன்றாக உருக்கிச் சேர்த்துவிடும். ஒரு வகையில் இதுவும் வெல்டிங்தான்.

தையலை மறைப்பது. இரண்டு பாதிகளும் சேரும் கோடு நிஜ விமானத்தில் கிடையாது. அதைப் புட்டியால் நிரப்பி, 400, 600, 1000 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போய்த் தேய்க்க வேண்டும். தேய்த்ததும் ஒரு கோட் பிரைமர் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கீறல் எல்லாம் அப்போதுதான் பல்லைக் காட்டும். திரும்பத் தேய்க்க வேண்டும். பாதிப் பேர் மாடலை மூட்டை கட்டி பரண் மேல் போடுவது இந்த இடத்தில்தான்.

பேனல் கோடுகள். இங்கே ஒரு சின்னக் கணக்கு. நிஜ விமானத்தில் இரண்டு தகடுகளுக்கு இடையே 2 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 1/32-ல் அது 0.06 மி.மீ. தலைமுடி அளவு. மாடலில் கீறப்படும் கோடு அதைவிட அகலமாகத்தான் இருக்கும். அப்படியே அளவெடுத்துச் செய்தால் கண்ணுக்கே தெரியாது என்பதால் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறார்கள். எவ்வளவு கூட்டலாம் என்பது கட்டுபவரின் ரசனை. அந்தக் கோடுகளில் கறுப்பை அப்பி, விமானத்தைச் சதுரங்கப் பலகை ஆக்கிவிடாமல் இருந்தால் சரி.

பெயின்ட்டிங்: திருச்சி வெயிலும் ஐப்பசி மழையும்

பெரிய ஸ்கேலுக்கு ஏர்பிரஷ் கட்டாயம் என்றே சொல்லலாம். பிரஷ் தடம் 49 செ.மீ. உடலில் தெளிவாகத் தெரியும். பெயின்ட் பால் மாதிரி நீர்த்திருக்க வேண்டும். ஒரே கோட்டில் மூட நினைக்காமல், மெல்லிய கோட்களாக அடிக்க வேண்டும்.

நம் ஊர் வானிலை இதில் ஒரு வில்லன். லேக்கர் வகை பெயின்ட்டை ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் அடித்தால், கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதில் படியும். பளபளப்பு போய் வெள்ளை வெள்ளையாகப் பனி பூத்த மாதிரி ஆகிவிடும். ஐப்பசி அடைமழையில் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்காதீர்கள். சித்திரை வெயிலில் பிரச்சினை வேறு: பெயின்ட் மாடலில் போய் ஒட்டுவதற்கு முன்பே வழியில் காய்ந்து, சொரசொரப்பாக விழும். காலை நேரம்தான் பெஸ்ட்.

இன்னொன்று: கட்டி முடித்த மாடலை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூடிய காருக்குள் வெயில் படும் இடத்தில் ஏறும் சூட்டில் மெல்லிய இறக்கை வளைய வாய்ப்பு உண்டு.

உலோக நிறத்தில் நிற்கும் மிக்-21-ஐக் கட்டினால், முழுவதையும் ஒரே வெள்ளியில் அடிக்காதீர்கள். ஒவ்வொரு தகடும் வேறு பளபளப்பு. வால் பக்கம், இன்ஜின் சூடு பட்ட உலோகம் வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் மாறியிருக்கும். அது எப்படி இருக்கும் என்று புரியவில்லையா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வெல்டு வைத்த இடத்தின் இரண்டு பக்கமும் பாருங்கள். அதே வரிசை, அதே காரணம். துவாக்குடி வெல்டர் ஒருவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

கடைசியாக டெக்கால் எனப்படும், தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் சின்னங்கள். இந்திய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, மையத்தில் பச்சை. காவி மெல்லிய நிறம். அடியில் வெள்ளை அச்சு இல்லாத மலிவான டெக்காலை கரும்பச்சை மேல் ஒட்டினால் காவி பழுப்பாகிவிடும்.

1971 வண்ணத்தில் ஒரு சிக்கல்

இதுவரை சொன்னதெல்லாம் கைவேலை. இனி வருவது துப்பறியும் வேலை.

வெள்ளி உலோக நிறத்தில் இருந்த மிக்-21-களுக்கு 1971 போர்ச் சூழலில் விமானத் தளங்களிலேயே அவசரமாக உருமறைப்பு வண்ணம் பூசப்பட்டது. தொழிற்சாலையில் ஒரே அச்சில் அடித்த பெயின்ட் இல்லை. அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. பச்சை எங்கே முடிந்து அடுத்த நிறம் எங்கே தொடங்கியது என்பது அந்தந்த விமானத்துக்கு அந்தந்தக் கதை. அன்றைய போட்டோக்களோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளை.

'நேரில் போய்ப் பார்த்துவிடலாமே?' என்று தோன்றும். அங்கே இன்னொரு சிக்கல். பூங்காவிலும் கல்லூரி வாசலிலும் ரவுண்டானாவிலும் நிற்கும் ஓய்வுபெற்ற விமானங்கள் பெரும்பாலும் மழையில் நனைந்து, வெயிலில் வெளிறி, பலமுறை மறு பெயின்ட் அடிக்கப்பட்டவை. அந்த நேரத்தில் கிடைத்த நிறத்தில் அடித்திருப்பார்கள். நம்பரும் சின்னமும் இடம் மாறியிருக்கலாம். அதில் உருவத்தை நம்பலாம், நிறத்தை நம்பக் கூடாது.

அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் 'ஒரு மிக்-21' என்று கட்டுவதில்லை. ஒரு நம்பர், ஒரு வருடம், முடிந்தால் ஒரே ஒரு நாள் என்று தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த நம்பர் கொண்ட விமானத்தின் போட்டோக்களைத் தேடுகிறார்கள், அந்த அணியில் இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகளைப் படிக்கிறார்கள். இப்படிச் சேரும் தகவல் பல சமயம் வேறு எங்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இந்தியா பயன்படுத்திய மிக்-21-கள் 800-க்கும் மேல். எல்லாம் மியூசியத்துக்குப் போகாது. மிச்சம் உதிரிப்பாகமாகவும் பழைய இரும்பாகவும் முடியும். அவை எப்படி இருந்தன என்ற பதிவு, கவனமாகக் கட்டப்பட்ட மாடலிலும் அதற்காகச் சேர்த்த ஃபைலிலும் மிஞ்சும்.

எவ்வளவு செலவாகும்?

1/32 ஜெட் கிட் என்றால் பல ஆயிரம் ரூபாய். பெட்டிக்கு வெளியே தனியாக விற்கும் உலோக பெல்ட், ரெசின் சீட், டெக்கால் எல்லாம் சேர்த்தால் சில சமயம் கிட் விலையையே தொட்டுவிடும். ஏர்பிரஷ், கம்ப்ரெசர் ஒருமுறைச் செலவு.

விலையில் வரிக்கும் பங்கு உண்டு. சுங்கத் துறையின் 9503 என்ற தலைப்பில் பொம்மைகளோடு ஸ்கேல் மாடல்களும் சேர்ந்தே வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. மலிவான இறக்குமதி பொம்மைகளைத் தடுக்கப் போட்ட வேலியில், பொறுமையாக மாடல் கட்டுபவரும் மாட்டிக்கொண்டார். வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். பார்சல் எந்த வழியில் வருகிறது என்பதைப் பொறுத்தும் மாறலாம். வெளிநாட்டில் ஆர்டர் போடும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். உள்ளூர் விற்பனையாளரிடம் வாங்கினால் விலை கூடத் தெரியலாம். ஆனால் கடைசி நேர அதிர்ச்சி இருக்காது.

கிட்டைத் தவிர மற்ற பலவற்றை ஊரிலேயே தேற்றலாம்:

• உப்புத்தாள், சின்ன அரம்: எந்த ஹார்டுவேர் கடையிலும்.
• காக்பிட் ஒயரிங்குக்கு: பழைய இயர்போன் ஒயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை.
• பெயின்ட்டைச் சொட்டுக் கணக்கில் அளக்க: மருந்துக்கடை சிரிஞ்ச்.
• பேனல் கோட்டு வாஷுக்கு: ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் கலர், கூடவே டர்பன்டைன்.
• வேண்டவே வேண்டாம்: நெயில் பாலிஷ் ரிமூவர். அதில் அசிட்டோன் இருந்தால் மாடலே உருகும்.

ஹாஸ்டலில் கட்டலாமா?

கட்டலாம். ஆனால் தின்னர் ஆவி விளையாட்டு இல்லை. கதவு மூடிய அறையில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. கரைப்பான் ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். துணி மாஸ்க் அதற்கு உதவாது. ரெசினைத் தேய்க்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. பக்கத்தில் கொசுவத்தி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. ரூம்மேட்டின் பொறுமையும் ஒரு பட்ஜெட் ஐட்டம்தான்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

திருச்சியில் இருந்து வார இறுதியில் போய்வரக்கூடிய நல்ல இடம் பெங்களூருவின் ஹெச்.ஏ.எல் ஹெரிட்டேஜ் சென்டர். மாருத், மிக்-21 இரண்டையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அதே ஊரில் விஸ்வேஸ்வரய்யா மியூசியத்திலும் ஒரு மாருத் இருக்கிறது. வடக்கே போகிறவர்களுக்கு டெல்லி பாலம் விமானப்படை மியூசியமும், 2023-ல் திறக்கப்பட்ட சண்டிகர் விமானப்படை பாரம்பரிய மையமும் உண்டு.

போனால் செல்ஃபியோடு திரும்பாதீர்கள். சக்கரக் கூண்டின் உள்பக்கம், இறக்கையின் அடி, வால் குழாய், கதவுகளின் விளிம்பு என்று யாரும் எடுக்காத கோணத்தில் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ வைத்து எடுத்தால் அளவும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: இது மியூசியத்துக்கு மட்டும். தஞ்சாவூர் மாதிரி இயங்கும் விமானப்படைத் தளங்களின் அருகே கேமராவை எடுக்கக் கூடாது, சட்டப்படி சிக்கல்.

ஓய்வுபெற்ற விமானம் ஒரு மாணவரை என்ன செய்யும் என்பதற்குத் திருச்சியிலேயே உதாரணம் இருக்கிறது. செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்த அப்துல் கலாம், அடுத்துச் சேர்ந்தது சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில். அங்கே செயல்விளக்கத்துக்காக வைக்கப்பட்டிருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்கள் தன்னை ஈர்த்ததையும், அவற்றின் அருகில் நேரம் செலவிட்டதையும் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். விமானப் பொறியியலை அவர் தேர்ந்தெடுத்தார்.

எதில் ஆரம்பிப்பது?

நேராக 1/32-ல் குதிக்க வேண்டாம். முதலில் 1/72-ல் ஒரு மலிவான ஜெட். தையல் மறைக்கவும் டெக்கால் ஒட்டவும் அதில் பழகுங்கள். அடுத்து 1/48-ல் ஒன்று, ஏர்பிரஷ்ஷோடு. மூன்றாவதாகப் பெரியது. வார இறுதியில் மட்டும் உட்கார்ந்தால் ஒரு 1/32 ஜெட் சில மாதங்களை எடுத்துக்கொள்ளும். ரீல்ஸ் ஸ்க்ரோல் பண்ணும் நேரத்தில் பாதியைக் கொடுத்தால் சீக்கிரம் முடியும்.

சின்ன உலகங்களைக் கட்டுவது நமக்குப் புதுசும் இல்லை. நவராத்திரி வந்தால் ஸ்ரீரங்கத்து வீடுகளில் கொலுப் படிக்குக் கீழே மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டு, பார்க், ரோடு, ரயில், ஏர்போர்ட் என்று ஊரையே அமைக்கும் பழக்கம் இருக்கிறது. அங்கே பொம்மை விமானம் பேருந்தைவிடச் சின்னதாக இருந்தாலும் யாரும் கேட்பதில்லை. ஸ்கேல் மாடலிங்கில் கேட்பார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

கட்டி முடித்ததும் கடைசியாக ஒரு வேலை செய்யுங்கள். மாடலின் அடிப்பலகையில் விமானத்தின் வகை, நம்பர், அணி, வருடம் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். எதைப் பார்த்து நிறம் முடிவு செய்தீர்கள் என்ற குறிப்பை ஓர் உறையில் போட்டு அடியில் வையுங்கள். சண்டிகரில் கடைசியாகத் தரையிறங்கிய விமானங்களை நேரில் பார்க்காத ஒரு தலைமுறை வரும். அவர்கள் 'இது என்ன, எப்படிப் பறந்தது?' என்று கேட்கும்போது, பதில் அந்த உறைக்குள் இருக்கும்.